மகளுக்கு பிளேட்டா, ஹைரக்ஸா? தம்பிக்கு ஏன் வேறு வழி?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது நடக்கிறது. வாயை மூடிக் கடிக்கும்போது வலப்பக்கத்து மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாகப் போய் உட்காருகின்றன. முகவாயும் சற்று வலப்பக்கம் ஒதுங்கினாற்போல் தெரிகிறது. ஒரு மருத்துவர் கழற்றி மாட்டும் பிளேட் போதும் என்றார். மற்றொருவர் பல்லோடு ஒட்டிவிடும் ஹைரக்ஸைப் போட்டு, வீட்டில் நாங்களே சாவியால் திருக வேண்டும் என்றார். மூன்றாவதாகப் பார்த்தவர் குவாட் ஹீலிக்ஸ் என்றார். எலும்பை விரிப்பது என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவள் இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். தாடையை விரித்தால் அதுவும் சரியாகுமா? என் தம்பிக்கு 24 வயது, அவனுக்கும் மேல்தாடை குறுகல். அண்ணத்தில் ஸ்க்ரூ இறக்கித்தான் விரிக்க வேண்டும் என்கிறார்கள். மகளுக்குப் போடுவதையே அவனுக்கும் போடக் கூடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று மருத்துவர்கள் மூன்று கருவிகளைச் சொன்னதால், அவர்களில் இருவர் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. உண்மையில் மூன்றுமே இந்த வயதில் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்வதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கருவியின் பெயரைவிட, எலும்பின் வயதும், குறுகல் எலும்பில் இருக்கிறதா பல்லின் சாய்வில் இருக்கிறதா என்பதும்தான் முடிவுசெய்கின்றன. உங்கள் மகளுக்கும் தம்பிக்கும் விடை வேறுபடுவதற்கும் இதுவே காரணம் என்பதால், முதலில் எலும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மேல்தாடை ஒரே எலும்பு அல்ல. வலமும் இடமுமாக இரண்டு எலும்புகள் அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்கின்றன. குழந்தைப் பருவத்தில் அந்த இணைப்பு ஏறக்குறைய நேர்கோடாக, நடுவில் மென்மையான திசுவோடு இருக்கும். வயது ஏற ஏற, இரு கைவிரல்களையும் கோத்துக்கொண்டது போல இரு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகுகின்றன. பதின்பருவத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு அதை விலக்குவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. பெண் குழந்தைகளுக்கு இது சற்று முன்னதாகவே நடக்கிறது. ஆகவே நீங்கள் அஞ்சுவது போல எலும்பை உடைப்பது என்பது இதில் இல்லை. இயற்கையாகவே இன்னும் ஒட்டாமல் இருக்கும் ஓர் இணைப்பை மெதுவாக விலக்குகிறோம், விலகிய இடத்தில் உடலே புது எலும்பை நிரப்பிக்கொள்கிறது. 1860-ஆம் ஆண்டிலேயே சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் மேல்தாடையை ஒரு திருகாணியைக் கொண்டு இரண்டே வாரத்தில் விரித்து, அதை எழுதியும் வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் எலும்புதான் விலகியது என்பதைச் சக மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹாஸ் 1961-இல் இந்த முறையை மறுபடி எடுத்து நிறுவிய பிறகே அது அன்றாடச் சிகிச்சையாக வேரூன்றியது. உங்கள் மகளுக்குச் சொல்லப்படுவது நேற்று வந்த சோதனை முறை அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து, வலப்பக்கம் மட்டும்தான் கோளாறு என்று உங்களுக்குத் தோன்றுவதைப் பற்றி. பல் மருத்துவர்கள் கிராஸ்பைட் என்று சொல்லும் இந்தக் குறுக்குக் கடி, குழந்தைகளில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தாலும், பெரும்பாலும் மேல்தாடை இரு பக்கமும் சமமாகவே குறுகியிருக்கும். வீட்டிலேயே ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மகளை நேராக உட்காரவைத்து, நாக்கின் நுனியை அண்ணத்தின் பின்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு மிக மெதுவாக வாயை மூடச் சொல்லுங்கள். பற்கள் முதன்முதலில் தொடும் கணத்தில் மேல், கீழ் முன்பற்களின் நடுக்கோடுகள் ஏறத்தாழ நேராக இருந்து, அதன்பின் முழுவதும் கடிக்கும்போது கீழ்த்தாடை வலப்பக்கம் நழுவினால், குறுகிய மேல்தாடையில் வசதியாகக் கடிக்க இடமில்லாமல் கீழ்த்தாடை ஒருபக்கமாக ஒதுங்குகிறது என்று பொருள். முகவாய் ஒதுங்கித் தெரிவதும் இதனால்தான். கீழ்த்தாடை நழுவிய நிலையிலேயே வளர்ச்சிக் காலம் முழுவதும் கழிந்தால் இரு பக்க எலும்பும் சமமற்று வளரக்கூடும் என்பதால், இப்படிப்பட்ட கிராஸ்பைட்டை, எல்லாப் பற்களும் முளைக்கட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வயதிலேயே சரிசெய்வது நல்லது. அந்த வகையில் மூன்று மருத்துவர்களும் ஒத்துப்போகிறார்கள், அது உங்களுக்கு ஆறுதல் தர வேண்டும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம்.

கழற்றி மாட்டும் பிளேட் என்பது அண்ணத்தை மூடும் அக்ரிலிக் தகடு. நடுவில் ஒரு சிறு ஸ்க்ரூ இருக்கும், பற்களைக் கம்பிக் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு ஓரிரு முறை திருகினால் தகடு இரண்டாக விலகிப் பற்களை வெளிப்பக்கம் தள்ளும். விலை குறைவு, பல் துலக்க எளிது. ஆனால் அது பெரும்பாலும் பற்களைச் சாய்க்கிறதே தவிர எலும்பை அதிகம் விரிப்பதில்லை. அதைவிட முக்கியமான குறை, அது வாயில் இருந்தால்தான் வேலை செய்யும் என்பது. பள்ளியில் பேச்சு குழறுகிறது என்று பையில் போட்டுக்கொள்வதும், சாப்பிடும்போது தாளில் மடித்துவைத்துக் குப்பையோடு தொலைப்பதும் இந்த வயதுக் குழந்தைகளிடம் அன்றாடம் பார்ப்பதுதான். நான்கைந்து நாள் போடாமல் விட்டால் பற்கள் பின்னுக்கு வந்துவிடும், தகடு பொருந்தாது, திருகிய ஸ்க்ரூவைப் பின்னோக்கித் திருகி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். மேல் கடைவாய்ப்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது மட்டுமே கோளாறாக இருந்து, விலக்க வேண்டிய அளவும் சிறியதாக இருந்து, குழந்தையும் சொன்னதைக் கேட்பவளாக இருந்தால் மட்டுமே நான் இதற்குச் சம்மதிப்பேன்.

குவாட் ஹீலிக்ஸ் அப்படி அல்ல. ஆறு வயதில் முளைத்த மேல் கடைவாய்ப்பற்கள் இரண்டிலும் உலோக வளையம் மாட்டி, அவற்றை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியால் இணைத்திருப்பார்கள். கம்பியில் நான்கு சுருள்கள் இருக்கும், பெயரும் அதனால் வந்ததே. மருத்துவர் ஒட்டுவதற்கு முன்பே கம்பியைத் தேவையான அளவு அகலப்படுத்திவிடுவார். ஒட்டும்போது ஒடுக்கி மாட்டப்படும் கம்பி, அகலப்படுத்திய அளவுக்குத் திரும்ப முயலும் விசையே பற்களையும், இந்த வயதில் ஓரளவு எலும்பு இணைப்பையும் மெல்ல விலக்கும். வீட்டில் திருக எதுவும் இல்லை, தொலைக்கவும் முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். கடைவாய்ப்பல் உள்ளே திரும்பியிருந்தால் அதையும் இதே கம்பியால் நேராக்கலாம். கட்டைவிரல் சூப்பும் பழக்கம் இருந்தால், முன்னால் உள்ள சுருள்கள் அதற்கு இடைஞ்சலாக இருந்து பழக்கத்தை விடவும் உதவும். முதல் சில நாள்கள் எச்சில் ஊறுவதும், நாக்கின் மேல் கம்பியின் தடம் பதிவதும் இருக்கும். கருவியை எடுத்த பிறகு அந்தத் தடம் தானே மறைந்துவிடும்.

எட்டு முதல் பத்து வயதுக்குட்பட்ட, இன்னும் பால் பற்கள் உள்ள குழந்தைகளில் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து மதிப்பிட்ட, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வும், கிராஸ்பைட்டைச் சரிசெய்வதில் கழற்றும் பிளேட்டைவிடக் குவாட் ஹீலிக்ஸுக்கே வெற்றிவாய்ப்பு அதிகம் என்று தெரிவிக்கிறது. பிளேட் மலிவு என்று தொடங்கி, பாதியில் கைவிட்டு, இன்னொரு கருவிக்கும் செலவழிக்கும் குடும்பங்களை நினைத்தால், பிளேட்டின் மலிவு பல நேரம் பெயரளவில்தான்.

ஹைரக்ஸ் இவை இரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. இதில் அக்ரிலிக் கிடையாது. அண்ணத்தின் நடுவில் எஃகு ஸ்க்ரூ, அதிலிருந்து தடித்த கம்பிகள் கடைவாய்ப்பற்களின் வளையங்களுக்குப் போகும். ஹாஸ் வடிவமைத்த பழைய கருவியில் அண்ணத்தோடு ஒட்டிய அக்ரிலிக் மெத்தைகள் உண்டு. எலும்பின் மேலும் விசை படட்டும் என்பதற்காக வைத்தது அது என்றாலும், அடியில் உணவு தங்கி அண்ணம் புண்ணாகும் தொல்லை இருந்தது. அதைத் தவிர்த்து, சுத்தமாக வைத்துக்கொள்ள எளிதாக உருவானதே ஹைரக்ஸ். பற்களின் மேற்பரப்பை மூடி ஒட்டிவிடும் இன்னொரு வகையும் உண்டு. பால் கடைவாய்ப்பற்கள் ஆடிக்கொண்டிருந்து வளையம் மாட்ட முடியாதபோதும், நீண்ட முகவாகு உள்ள குழந்தைகளுக்கு முன்கடி திறந்துவிடும், அதாவது கடிக்கும்போது மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்போதும் அதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஹைரக்ஸின் ஒரு திருகு பொதுவாகக் கால் மில்லிமீட்டர். நாளுக்கு ஒன்றோ இரண்டோ திருகினால் இரண்டு மூன்று வாரத்தில் வேண்டிய அகலம் வந்துவிடும். பற்கள் எலும்புக்குள் நகர்வதற்கு நேரம் தராமல், சில கிலோ விசையை அடுத்தடுத்துச் சேர்த்து, நடு இணைப்பையே திறப்பது இதன் உத்தி. பதினொன்று, பன்னிரண்டு வயதில் இணைப்பு இறுகத் தொடங்கியிருக்கும் குழந்தைகளுக்கு இந்த விசை தேவைப்படுகிறது. ஆனால் இணைப்பு மென்மையாகவே இருக்கும் சிறு வயதில் அவ்வளவு விசையும் வேகமும் தேவையில்லை. மிகச் சிறிய குழந்தைகளில் வேகமாக விரித்தால் மூக்கின் பக்கம் வீங்கி, அதன் வடிவமே சற்று மாறிவிடவும் கூடும். இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வேகமாக விரித்தால் தொடக்கத்தில் எலும்பின் பங்கு மிக அதிகமாகத் தெரியும். ஆனால் அடுத்த மாதங்களில் எலும்பு ஓரளவு பின்வாங்க, பற்கள் மட்டும் விரிந்த இடத்திலேயே நிற்பதால், சில மாதம் கழித்துப் பார்க்கும்போது எலும்பும் பல்லும் ஏறத்தாழப் பாதிப் பாதி என்று வந்து நிற்கும். மெதுவாக விரித்தாலும் முடிவு அதற்கு அருகில்தான் வருகிறது. எனவே ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஹைரக்ஸே போடுவதாக இருந்தாலும், நாளுக்கு இரண்டு திருகு என்ற வேகம் அவசியமா, இரண்டு நாளுக்கு ஒன்று என்று போகலாமா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், உங்கள் மகளுக்கு என் முதல் தேர்வு குவாட் ஹீலிக்ஸ். அச்சு எடுத்துப் பார்த்து, கடைவாய்ப்பற்கள் நேராக நின்றும் எலும்பே மிகவும் குறுகியிருப்பதாகவோ, இரு பக்கமுமாகச் சேர்த்து அதிக அகலம் வேண்டியிருப்பதாகவோ தெரிந்தால் ஹைரக்ஸ் பொருத்தமாகும். வாயை நேரில் பார்த்தவர் இதற்கு மாறாக முடிவெடுத்தால், காரணத்தைக் கேளுங்கள். நல்ல காரணம் இருந்தால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். அவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். செலவு தடையாக இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தச் சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. பயிற்சி மருத்துவர்கள் பார்த்தாலும் பேராசிரியர்களின் மேற்பார்வையில்தான் நடக்கும்.

ஒருவேளை ஹைரக்ஸ் போட்டால், வீட்டில் திருகுவது உங்கள் பொறுப்பு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாவி என்பது முனை மடங்கிய சிறு கம்பி. அதன் பிடியில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை நீளமாகக் கட்டி மறுமுனையை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள், தவறித் தொண்டைக்குள் போய்விடாமல் இருக்கும். மகளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையணையைத் தோளுக்கு அடியில் வைத்து, கைப்பேசி விளக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஸ்க்ரூவின் முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுங்கள். அடுத்த துளை முழுவதும் முன்பக்கம் தெரியும் வரை தள்ளினால்தான் ஒரு திருகு முடிந்ததாகக் கணக்கு. பாதியில் நிறுத்தினால் மறுநாள் சாவி நுழைய இடம் இருக்காது. சாவியை எடுக்கும்போது மேல்நோக்கித் தூக்காமல் பின்பக்கமாகவே உருவுங்கள், இல்லாவிட்டால் திருகியது திரும்பிவிடும். காலண்டரில் ஒவ்வொரு திருகையும் குறித்துவையுங்கள். திருகியதும் மூக்கின் வேர்ப்பகுதியிலும் கண்ணுக்குக் கீழேயும் ஒரு நெரிசல் தெரியும். சில நிமிடங்களில் அது அடங்கிவிடும்.

ஒரு வாரத்துக்குள் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பெற்றோர் பதறி ஓடிவருவது பெரும்பாலும் அப்போதுதான். ஆனால் எலும்பு இணைப்பு திறந்துவிட்டது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அந்த இடைவெளியே. ஈறுகளுக்குள் இருக்கும் நார்கள் அடுத்த சில மாதங்களில் பற்களைத் தாமாகவே சேர்த்து இழுத்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். மேல் கடைவாய்ப்பல்லின் உள்பக்க முகடு கீழ்ப்பல்லின் வெளிப்பக்க முகட்டின் மேல் வந்து நிற்கும் வரை, அதாவது தேவைக்கு மேல் சற்றுக் கூடுதலாகவே விரிப்பது வழக்கம், ஏனெனில் கொஞ்சம் பின்வாங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. திருகுவதை நிறுத்திய பிறகு கருவியைக் குறைந்தது மூன்று மாதம், பல நேரம் ஆறு மாதம் வரை வாயிலேயே விட்டுவைக்க வேண்டும். புது எலும்பு இறுகுவது அந்தக் காலத்தில்தான். வேலைதான் முடிந்துவிட்டதே, எடுத்துவிடுங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த மாதங்களில் கடலை மிட்டாய், அல்வா, சூயிங் கம் போன்ற ஒட்டுவனவும், முறுக்கு போன்ற கடினமானவையும் வேண்டாம். ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஸ்க்ரூவைச் சுற்றி இரவுதோறும் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு பக்க வளையம் கழன்றுவிட்டாலோ, சாவி நுழையவே இல்லை என்றாலோ, பத்து நாள் திருகியும் இடைவெளி விழாமல் வலி மட்டும் கூடினாலோ, மேற்கொண்டு திருகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேல்தாடையின் மேற்பகுதியே மூக்கின் தரை என்பதால், தாடை விரியும்போது மூக்கின் உள்ளிடமும் சற்றுக் கூடுகிறது. சில குழந்தைகளுக்கு மூச்சு எளிதாவதும் உண்மை. ஆனால் அது உடன்வரும் பலனே தவிர, அதற்காகவே தாடையை விரிப்பது சரியல்ல. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருப்பதோ, ஒவ்வாமையால் மூக்கடைப்பதோ காரணம் என்றால், தாடையை விரிக்கும் எந்தக் கருவியும் அதை நீக்காது. வாயால் மூச்சு விடும் குழந்தையின் நாக்கு அண்ணத்தைத் தாங்காமல் கீழேயே கிடப்பதால், மேல்தாடை குறுகுவதற்கே அந்தப் பழக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கவும் கூடும். ஆகவே கருவி போடுவதற்கு முன்போ கூடவோ ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

தம்பியின் நிலைமை வேறு. 24 வயதில் நடு இணைப்பு பெரும்பாலும் இறுகியிருக்கும். பற்களை மட்டும் பிடித்திருக்கும் ஹைரக்ஸை அங்கே திருகினால் எலும்பு விலகாது. அத்தனை விசையும் பற்களின் மேல் இறங்கும். கடைவாய்ப்பற்கள் வெளிப்பக்கம் சாயும், வேருக்கு வெளியே உள்ள மெல்லிய எலும்பு தேயும், ஈறு பின்வாங்கி வேர் வெளியே தெரியும், முன்கடி திறக்கும். கருவியை எடுத்ததும் பற்களும் பின்னுக்கு வரும். குழந்தைக்கு ஏற்ற கருவி அவருக்கு ஆகாது என்பதற்கு இந்த ஈறுத் தேய்மானமே போதுமான காரணம், ஏனெனில் இழந்த எலும்பும் ஈறும் எளிதில் திரும்புவதில்லை.

அவருக்குச் சொல்லப்பட்டிருப்பது மார்ப்பே எனப்படும் முறை. கொரிய மருத்துவர்கள் 2010-இல் ஓர் இளைஞருக்கு இதைச் செய்ததை வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. அண்ணத்தின் நடுவில், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, பொதுவாக இரண்டு முதல் நான்கு சிறு டைட்டானியம் ஸ்க்ரூக்களை எலும்புக்குள் இறக்கி, அவற்றோடு விரிக்கும் ஸ்க்ரூவைப் பிணைப்பார்கள். விசை பெரும்பாலும் பல்லுக்குப் போகாமல் எலும்பிலேயே நேரடியாகச் செயல்படுவதுதான் இதன் சிறப்பு. இருபதுகளில் உள்ளவர்கள் பலருக்கு இதனால் இணைப்பு திறக்கிறது. எல்லோருக்கும் திறப்பதில்லை. வயது கூடக்கூட, குறிப்பாக ஆண்களுக்கு, வாய்ப்பு குறைகிறது. திறக்காவிட்டால் அடுத்த வழி, வாய் முக அறுவைச் சிகிச்சை நிபுணர், பொதுவாக முழு மயக்கத்தில், மேல்தாடையின் பக்கச் சுவர்களிலும் நடு இணைப்பிலும் எலும்பைத் தளர்த்திவிட்டு, சுமார் ஒரு வாரம் கழித்துத் திருகத் தொடங்குவது.

திறக்குமா என்பதை ஓரளவு கணிக்க, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி என்ற எக்ஸ்ரே ஸ்கேன் உதவும். இணைப்பின் முதிர்ச்சியை அதில் ஐந்து நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கடைசி இரண்டு நிலைகளில் பல்லைப் பிடிக்கும் கருவிக்கு வேலையே இல்லை. அண்ணத்தில் ஸ்க்ரூ இறங்கப் போதிய தடிமன் எங்கே இருக்கிறது என்பதும், கடைவாய்ப்பற்களுக்கு வெளியே எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும் என்பதால், தம்பிக்கு அந்த ஸ்கேன் அவசியம். மகளுக்கு அது தேவையில்லை. ஒன்பது வயதில் இணைப்பு திறந்திருக்கும் என்பது தெரிந்ததே, வளரும் குழந்தைக்கு வீணான கதிர்வீச்சு எதற்கு?

தம்பியிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் குறுகலால் அவருக்கு என்ன தொல்லை? மெல்வதில் சிரமமா, ஒரு பக்கப் பற்கள் மட்டும் தேய்கின்றனவா, தாடை நழுவுகிறதா, அல்லது சிரிக்கும்போது ஓரங்களில் இருட்டாகத் தெரிவது மட்டும்தானா? இரு பக்கமும் நிலையாகக் கடித்து, பற்களும் ஈறும் நலமாக இருந்தால், சிறிய அளவு கிராஸ்பைட்டை அப்படியே விட்டுவிடுவதும், மற்றப் பற்களை மட்டும் கிளிப் போட்டுச் சீராக்குவதும் மருத்துவ ரீதியில் ஏற்கத்தக்க முடிவே. விரிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், ஸ்க்ரூ இறக்குவதற்கு முன் ஈறு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிச் சுத்தம் செய்துகொள்ளட்டும். இணைப்பு திறக்காமல் போனால் அடுத்து என்ன செய்வார்கள், அதற்கான செலவு எவ்வளவு என்பதையும் முன்பே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளட்டும்.